இதில் எது தற்செயல்?

நாம் இடைத்தேர்தல் என்று சொல்வதை மாநிலத் தேர்தல் ஆணையம் ஊரக உள்ளாட்சியில் ‘தற்செயல் தேர்தல்’ என்று எழுதுகிறது. ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ இறந்தால், விலகினால், தகுதி இழந்தால், நீக்கப்பட்டால் உண்டாவது தற்செயல் காலியிடம். ஆங்கிலச் சட்டச் சொல்லை அப்படியே தமிழில் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். ஒரு அலுவலகச் சொல்லுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. ஆனால் 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையை எடுத்துப்போய்க் கிணற்றில் வீசினார்கள். அன்றைக்கு அந்த ஊராட்சியில் சட்டப்படி உண்டானது ஒரு தற்செயல் காலியிடம்.

2006 நவம்பரில் நெல்லைச் சீமையில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டபோது உண்டானதும் அதுவே. 2011 ஜூனில் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை வெட்டினார்கள். அவர் உயிர் பிழைத்துவிட்டதால் அங்கே காலியிடம் எதுவும் உண்டாகவில்லை.

கொலை வரைக்கும் போகிற ஊர்கள் குறைவுதான். கொலை தேவைப்படாத ஊர்களே அதிகம். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று நாலு வரி எழுதி வாங்கினால் போதும், அதே காலியிடம் கிடைத்துவிடும். சில ஊர்களில் அதுகூட வேண்டாம். மனுத்தாக்கல் செய்ய யாரும் போகாமல் பார்த்துக்கொண்டால் பதவி பிறக்கும்போதே காலியாகப் பிறக்கும்.

காலியிடத்தால் யாருக்கு லாபம் என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி கிராம ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு. துணைத் தலைவர் நாற்காலி திறந்தே கிடக்கும். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். அதாவது தலித் தலைவர் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, பக்கத்து நாற்காலியில் இருக்கும் சாதி இந்துத் துணைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியும். தலைவர் பதவி காலியாகிவிட்டால்? அடுத்த தலைவர் வரும்வரை தலைவருடைய வேலையைத் துணைத் தலைவரே பார்ப்பார். காலியிடம் ஒரு மாதம் நீடித்தால் ஒரு மாத ஆட்சி. இரண்டு ஆண்டு இழுத்தால் இரண்டு ஆண்டு ஆட்சி. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் ஒரு தலித் தலைவர் ‘தாமாக’ விலகினார் என்று கடிதம் வந்தால், அதை வாங்கி முத்திரை குத்திக் கோப்பில் வைக்கிற அதிகாரிக்கு ஒரு சந்தேகம்கூடவா வராது?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். முன்னது மூன்றும் மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம். நாலாவது விருதுநகர் மாவட்டம். இன்றைக்கு இருபது வயதாகும் தோழர்கள் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பலருக்கு அவை முடிந்துபோன கதை. நான் அவற்றை ஒரு செய்முறைக் கையேடாகப் பார்க்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் கூடி, யாரும் மனுப்போடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. யாரும் போடவில்லை. தேர்தல் நடக்கவில்லை. மறுபடி அறிவிக்கை வந்தது. மறுபடி யாரும் போடவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் அரசுக்கு அவமானம், ஊருக்கும் தொல்லை என்று தெரிந்தபிறகு, ஊர் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தது. தங்கள் வயலிலும் வீட்டிலும் வேலை பார்க்கிற, தங்களை அண்டிப் பிழைக்கிற ஒரு தலித்தைப் பிடித்து மனுப்போட வைத்தார்கள். தலித் இயக்கங்களின் ஆதரவோடு யாராவது துணிந்து நின்றால் அவரைத் தோற்கடித்தார்கள். ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்தார், பதவி ஏற்றார், கையோடு விலகல் கடிதம் கொடுத்தார். ஏட்டளவில் தேர்தல் நடந்துவிட்டது, சட்டம் நிறைவேறிவிட்டது, காலியிடம் மறுபடி பிறந்துவிட்டது. அடுத்த இடைத்தேர்தலில் மறுபடி இதே கூத்து. பத்து வருஷம் இப்படி ஓடியது.

இந்தப் பத்து வருஷமும் அரசு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால், தேர்தல் நடத்திக்கொண்டிருந்தது. அதிகாரிகள் வந்தார்கள், பந்தல் போட்டார்கள், போலீஸ் வேன் நின்றது, வாக்குப்பெட்டி வந்தது, போனது. நடைமுறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேட்புமனு வாங்கும் நேரம், பரிசீலனை நாள், திரும்பப் பெறும் நாள் எல்லாம் விதிப்படி. ஓர் ஊர் மக்களில் ஒரு பகுதியினர் அரசியல் உரிமையை இழந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அந்த இழப்பை விதிப்படி பதிவு செய்து சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள்.

மேலவளவிலும் தேர்தல் எளிதாக நடந்துவிடவில்லை. முதல் அறிவிக்கையின்போது மிரட்டலுக்குப் பயந்து மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. பிறகு நடந்த வாக்குப்பதிவில் பெட்டிகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். மறுபடி நடத்தி, போலீஸ் காவலில் முருகேசன் தலைவரானார். தேர்தல் முடிந்ததும் தேர்தலை நடத்தியவர்களின் வேலையும் முடிந்தது. தலைவர் தன் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து வேலை பார்க்கவே முடியாமல் இருந்தது யாருடைய கோப்பிலும் வரவில்லை. ஏன் கொன்றார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்கு: கண்மாய் மீன் குத்தகை, பொது மரங்கள், ஊராட்சி ஒப்பந்த வேலைகள் என்று தலைவரின் கையெழுத்தில் கைமாறுகிற சொத்து கொஞ்சமில்லை. அதற்கு மேல் மரியாதை. யார் நாற்காலியில் இருப்பது, யார் எதிரில் நிற்பது என்கிற விவகாரம். கொலையாளிகள் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை நின்றது. அண்ணா நூற்றாண்டு, எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று தலைவர்களின் பிறந்தநாளைச் சொல்லி இரண்டு கழக அரசுகளும் ஆளுக்குக் கொஞ்சம் பேரை முன்கூட்டியே விடுதலை செய்தன. 2019 நவம்பரில் மட்டும் 13 பேர்.

இனி, மனு வாங்கும் மேசைக்கு வருவோம். உள்ளாட்சித் தேர்தல் வரும்போது வேட்புமனு நிரப்பிக் கொடுக்கிற வேலையைச் சில வருஷங்களாகச் செய்துவருகிறேன். அதனால் சொல்கிறேன்: கிராமத்தில் தேர்தல் வாக்குப்பதிவு நாளில் நடப்பதில்லை. மனுத்தாக்கல் தொடங்கிய நாளிலிருந்து திரும்பப் பெறும் கடைசி நாள் வரைக்குமான சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது. வாக்குப்பதிவுக்கு இருக்கும் பாதுகாப்பில் பத்தில் ஒரு பங்கு அந்த நாட்களுக்குக் கிடையாது.

பொதுத் தேர்தல் என்றால் மாவட்டமே பரபரப்பாக இருக்கும். கட்சிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பார்வையாளர்கள் என்று கண்கள் நிறைய இருக்கும். தற்செயல் தேர்தலில் ஒன்றியத்துக்கு ஓர் ஊர், இரண்டு ஊர் என்று சிதறிக் கிடக்கும். அந்த ஊரில் மட்டும்தான் தேர்தல். கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது என்பதால் எந்தக் கட்சிக்கும் நேரடிப் பொறுப்பு இல்லை. ஜெயித்தால் கிடைப்பதும் மிச்சமிருக்கும் காலம் மட்டுமே. ஒன்றரை வருஷப் பதவிக்காக யார் ஊரைப் பகைப்பார்கள்? இந்தத் தனிமையில்தான் ஊர்க்கட்டுப்பாடு மிக மலிவாக வேலை செய்கிறது.

என்ன வேண்டும் மனுப்போட? டெபாசிட் ஒரு பொருட்டில்லை. 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 300. வார்டு உறுப்பினருக்கு 200, அதில் பாதி 100. காசு பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகுதான் வரிசை ஆரம்பிக்கிறது. சாதிச் சான்றிதழ். ஊராட்சிக்கு வரி பாக்கி இல்லை என்பதற்கான ரசீது. அந்த ரசீதைப் போடுகிறவர் ஊராட்சி செயலர். அவர் யாருடைய ஆள் என்பது ஊருக்கே தெரியும். முன்மொழிகிறவர் ஒருவர் வேண்டும், அவரும் அங்கே வாக்காளராக இருக்க வேண்டும். வார்டு உறுப்பினர் மனுக்களை வழக்கமாக ஊராட்சி அலுவலகத்திலேயே வாங்குகிறார்கள். ஊராட்சி அலுவலகம் எங்கே இருக்கிறது? நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் ஊருக்குள், மந்தைக்குப் பக்கத்தில், டீக்கடைக்கு எதிரில். சேரியிலிருந்து கிளம்பிக் கையில் காகிதத்தோடு அந்தத் தெருவில் நடந்துபோவதை எத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பார்ப்பது போதும். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

வட மாவட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம், அவர்கள் இன்னும் அங்கேதான் பிழைக்கிறார்கள். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி காலியாகி இடைத்தேர்தல் வந்தது. சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அக்கா நிற்கிறேன் என்றார். வீட்டு வரி கட்டப் போனால் ரசீதுப் புத்தகம் தணிக்கைக்குப் போயிருக்கிறது என்று பதில். மூன்று நாள் அலைந்து, ஒன்றிய அலுவலகத்தில் சத்தம் போட்ட பிறகு, தணிக்கைக்குப் போன புத்தகம் அதே மேசை டிராயரிலிருந்து வெளியே வந்தது. கடைசி நாள் சாயங்காலம் மனுவைக் கொடுத்தோம். அவருக்கு முன்மொழிந்தது அவருடைய கொழுந்தனார். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியிருந்தவர். பரிசீலனை அன்று காலையில் அவரே வந்தார், புது வேட்டி கட்டிக்கொண்டு, கூட நாலு பேர். ‘இது என் கையெழுத்து இல்லை’ என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மனு தள்ளுபடி. மிச்சமிருந்த ஒரே வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானார். மறுநாள் பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி வந்தது, ஊர் ஒற்றுமையாக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது என்று.

2024 மக்களவைத் தேர்தலில் சூரத் தொகுதி நினைவிருக்கிறதா? காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்கள் தங்கள் கையெழுத்து இல்லை என்று சொல்ல, மனு தள்ளுபடியாகி, மற்றவர்கள் விலக, பா.ஜ.க. வேட்பாளர் வாக்குப்பதிவே இல்லாமல் எம்.பி. ஆனார். ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று இந்தியா முழுக்கத் தலையங்கம் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். சேரிக்காரர்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

‘போட்டியின்றித் தேர்வு’ என்பதை நம் பத்திரிகைகள் எப்போதும் நல்ல செய்தியாகவே போடுகின்றன. வீண் செலவு மிச்சம், பகை இல்லை, ஊர் அமைதி. பொதுத் தொகுதிகளில் அந்த ஒருமனதை ஏலம் விட்டு எடுக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்த விஷயம். கோயில் திருப்பணிக்கு அதிகப் பணம் தருகிறவருக்குத் தலைவர் பதவி. ஒவ்வொரு தேர்தலின்போதும் தேர்தல் ஆணையம் இதற்கு எச்சரிக்கை விடுகிறது. தனித் தொகுதிகளில் ஏலம் விடப்படுவது பதவி மட்டுமில்லை. யாருடைய பண்ணை ஆள் உட்காருவது என்பதும்தான். 2022 ஜூலை 9-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க நடந்த தற்செயல் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியின்றித் தேர்வான இடங்களும் இருந்தன, மனுவே வராத இடங்களும் இருந்தன. அவை எண்ணிக்கையாக வெளியிடப்பட்டன. ஏன் வரவில்லை என்று இடம் இடமாகப் போய் விசாரித்து ஓர் அறிக்கை வந்திருந்தால் அதைத் தேர்தல் நடத்தியதாக நான் ஒத்துக்கொள்வேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். மனு வராத எல்லா இடத்திலும் மிரட்டல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பட்டியல் சாதி வாக்காளர் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிற, சில இடங்களில் இல்லவே இல்லாத வார்டுகளுக்கு இடஒதுக்கீடு விழுந்துவிடுவது உண்டு. மலைப்பகுதிகளில் இது அடிக்கடி நடக்கிறது. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இல்லாமல் இவ்வளவு காலம் ஓட்டியதன் விளைவும் இதில் சேர்ந்திருக்கிறது. அது வரையறை செய்தவர்களின் பிழை, திருத்தலாம். ஆனால் அந்தப் பிழையையும் ஊர்க்கட்டுப்பாட்டையும் ஒரே பத்தியில் ‘மனு பெறப்படவில்லை’ என்று எழுதும்போது, பிழைக்குள் குற்றம் ஒளிந்துகொள்கிறது.

அடிப்படைச் சிக்கல் இதைவிடப் பழையது. தனித் தொகுதியில் தலித் மட்டுமே நிற்க முடியும், ஆனால் எந்த தலித் என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். சேரி சிறுபான்மையாக இருக்கிற ஊரில் ‘எல்லோரும்’ என்றால் யார்? இந்த ஏற்பாட்டின் வேர் 1932 செப்டம்பர் 24-இல் இருக்கிறது. அம்பேத்கர் கேட்ட தனி வாக்காளர் தொகுதியை, காந்தியின் பட்டினிக்கு முன்னால் விட்டுக்கொடுக்க வைத்த நாள். பூனா ஒப்பந்தம் என்றால் இட எண்ணிக்கை கூடியது என்பதை மட்டும் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது. அதில் இன்னொரு விதியும் இருந்தது. ஒவ்வொரு தனித் தொகுதியிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நான்கு பேரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க முடியும். அரைகுறைப் பாதுகாப்புதான். ஆனாலும் சேரி ஏற்காத ஒருவரை சேரியின் பிரதிநிதி என்று ஊர் நிறுத்துவதற்கு அது தடையாக இருந்தது. அந்த ஏற்பாட்டுக்குப் பத்து ஆண்டு வரம்பு வைத்தார்கள். சுதந்திர இந்தியாவின் அரசமைப்பில் அது இடம்பெறவில்லை. கிராமம் என்பது என்ன மாதிரியான இடம் என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். அதே கிராமத்தின் கையில் 73-ஆவது திருத்தம் அதிகாரத்தைக் கொடுத்தபோது, அந்த முதல்கட்டத் தேர்வைக் கிராம அளவிலாவது கொண்டுவரலாமா என்ற விவாதம்கூட எழவில்லை. சட்டமன்றத் தனித் தொகுதியில் வேட்பாளர் கட்சிக்குக் கட்டுப்பட்டவர். ஊராட்சியில் அவர் கூலி கொடுப்பவருக்குக் கட்டுப்பட்டவர். இரண்டும் ஒன்றில்லை.

சரி, முடியாத காரியமா இது? 2006-ஐப் பாருங்கள். அந்த நான்கு ஊராட்சிகளும் மறுபடி தலித் தொகுதிகளாகவே வைக்கப்பட்டன. அக்டோபரில் தேர்தல் நடந்தது. மனுக்கள் வந்தன, தலைவர்கள் வந்தார்கள், கையோடு விலகவில்லை. மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரசு இந்த முறை நடத்தியே தீரும் என்பது ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது. சாதி அந்தப் பத்து வருஷத்தில் கரைந்துவிடவில்லை. தேர்தலை வாக்குப்பதிவு நாளில் மட்டும் நடத்தாமல் முன்கூட்டியே நடத்தத் தொடங்கினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியென்றால் 1996-இலேயே நடத்தியிருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

2006-ஐக் கொண்டாடிய விதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்தார்கள். முதல்வர் கருணாநிதி நான்கு தலைவர்களையும் மேடையேற்றிப் பாராட்டினார். ஊராட்சிகளுக்குக் கூடுதல் நிதி அறிவிக்கப்பட்டது. பத்து வருஷம் சட்டத்தை மீறியவர்கள் ஒரு நாள் சட்டத்துக்கு உட்பட்டதற்குப் பரிசு. மனமாற்றம் என்று எழுதினார்கள். பத்து வருஷம் மனுப்போட விடாமல் தடுத்ததற்காக எத்தனை பேர் நீதிமன்றக் கூண்டில் ஏறினார்கள் என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை. அப்போது உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், முதல்வராக 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராம சபைக்கே வந்து அதை நினைவுகூர்ந்தார். நல்லது. வருவது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் சிதம்பரம் பக்கத்தில் தெற்கு திட்டை ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளிவந்தது. அதே 2020-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர நாளன்று தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. 2022-இல் தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவுக்கு ஒரு மாநில அரசின் தலைமைச் செயலாளர் எழுதிய கடிதம் அது.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பட்டியல் சாதியினரை மனுத்தாக்கல் செய்ய விடாமல் தடுப்பதை, போட்ட மனுவைத் திரும்பப் பெற மிரட்டுவதை, முன்மொழிய விடாமல் செய்வதைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. பிரிவு 3(1)(எல்). தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை வேலை செய்ய விடாமல் தடுப்பது அடுத்த உட்பிரிவு. தேர்தலுக்குப் பிறகு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வது அதற்கடுத்தது. இந்த வரிகளை எழுதியவர்களுக்கு நம் ஊர்கள் நன்றாகத் தெரிந்திருக்கின்றன. தேர்தல் நடத்தும் அலுவலர்களுக்கு நன்னடத்தை விதி, வாக்குப்பெட்டிக்கு அரக்கு வைப்பது, இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு என்றெல்லாம் பயிற்சி கொடுக்கிறார்கள். இந்த மூன்று உட்பிரிவுகளையும் வாசித்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம்.

ஊரில் பிரச்சினையைக் கிளப்புவது வெளியிலிருந்து வரும் இயக்கங்கள்தான் என்று ஒரு வாதம் உண்டு. நம் பக்கத்து ‘நடுநிலை’ நண்பர்களும் சொல்வார்கள். உள்ளூர் ஆளை நிறுத்தினால் ஊர் ஏற்றுக்கொள்ளுமாம். ஏற்றுக்கொள்ளும், அவர் உட்காராதவரை. முருகேசன் வெளியூர்க்காரரா? ஜக்கையன், கிருஷ்ணவேணி? நிர்வாகம் தெரியாதவர்களை உட்காரவைத்துவிட்டார்கள் என்பது இன்னொரு வாதம். பொதுத் தொகுதியில் ஏலம் எடுத்து வந்தவருக்கு யார் நிர்வாகம் கற்றுக்கொடுத்தது என்று இவர்கள் கேட்டதே இல்லை.

ஊரைச் சொல்கிற நாம் கோட்டையையும் சொல்ல வேண்டும். ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தபின், 2019 டிசம்பர் வரை மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை இழுத்தார்கள். அந்த ஒன்பது நீங்கலாக மற்ற மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது, தேர்தல் நடத்தாமல் மறுபடி தனி அலுவலர்களை உட்காரவைத்தார்கள். ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ள மாநிலம் இது. அவற்றில் தலித்துகளும் பெண்களும் பழங்குடிகளும் பெற்ற நாற்காலிகள், தேர்தல் நடக்காத ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் காலியாகின்றன. நான்கு ஊர்களில் பத்து வருஷம் தலைவர் இல்லாததை மாநில அவமானம் என்றோம். ஆயிரக்கணக்கான ஊர்களில் தலைவர் இல்லாததை நிர்வாகக் காரணம் என்கிறோம்.

அடுத்த அறிவிக்கை வருவதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியவை இவை. தனித் தொகுதிகளுக்கான எல்லா மனுக்களையும் ஊருக்கு வெளியே, ஒன்றிய அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கொடுக்க வழி வேண்டும். வரி ரசீதையும் சான்றிதழையும் காரணம் காட்டி இழுத்தடிக்கும் ஊழியர் மீது அந்த வாரத்திலேயே நடவடிக்கை வேண்டும். முன்மொழிந்தவர் கையெழுத்தை மறுத்தால், உடனே தள்ளுபடி செய்யாமல் வேட்பாளர் வேறு ஒருவரைக் கொண்டுவர ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். இதற்கு விதித் திருத்தம் தேவைப்படும், திருத்தட்டும். தனித் தொகுதித் தலைவர் விலகல் கடிதம் கொடுத்தால், ஏற்பதற்கு முன் ஆட்சியர் அவரைத் தனியாக, ஊருக்கு வெளியே வைத்து விசாரித்து எழுத்தில் பதிய வேண்டும். தலைவர் பதவி தனித் தொகுதியாக இருந்து காலியானால், அதிகாரம் துணைத் தலைவருக்குப் போகக் கூடாது. இந்தக் கடைசிக் கோரிக்கையை மட்டும் நிறைவேற்றிப் பாருங்கள், ‘சொந்தக் காரண’ விலகல்கள் எவ்வளவு குறைகின்றன என்று தெரியும்.

கூடவே ஒரு வேலை. உங்கள் மாவட்டத்தில் 2019-க்குப் பிறகு காலியான தனித் தொகுதிப் பதவிகள் எத்தனை, ஒவ்வொன்றும் என்ன காரணத்தால் காலியானது, காலியான நாளுக்கும் இடைத்தேர்தல் நாளுக்கும் இடைவெளி எவ்வளவு, அந்த இடைவெளியில் காசோலையில் கையெழுத்திட்டது யார், மனு வராத இடங்கள் எவை, அது குறித்து ஏதேனும் விசாரணை நடந்ததா. இந்த ஆறு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஊரக வளர்ச்சிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.